பியூஸ் இல்லாத பைக்கை இரவில் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பைக் ஓடுகிற தம்பிமாரும், பைக் வாங்கிக் கொடுத்த வாப்பாமாரும், லைட் பூட்டிக் கொடுக்கிற கடைக்காரச் சகோதரர்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கள். கோபம் வந்தால் வாசித்து முடித்துவிட்டுக் கோபியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம்ம ஊர்களில் பைக் தெருவில் தூங்குவதில்லை. இஷாவுக்குப் பிறகு படியில் பலகையைப் போட்டு விறாந்தைக்கோ ஹோலுக்கோ ஏற்றி, கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் கொழுவிவிட்டுத்தான் படுக்கிறோம். களவுக்குப் பயந்து செய்கிற வேலை. அதில் பிழை காண முடியாது. ஆனால் அந்த பைக்கில் பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக இழுத்த ஒரு வயர் இருந்தால், சாவி ஆணியில் தொங்கினாலும் தலையணைக்குக் கீழே கிடந்தாலும், அந்த வயரில் விடியும்வரை கரன்ட் நிற்கிறது. அதற்கு ஒரு சாண் மேலே பெற்றோல் டாங்க். அதற்கு நாலு எட்டுத் தள்ளிப் பாயில் பிள்ளைகள்.

எங்கள் வழக்கு இதுதான். லைட் பூட்டாதே, ஹோர்ன் மாற்றாதே, போன் சார்ஜர் வைக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. பொத்துவில் பக்கமோ மட்டக்களப்புப் பக்கமோ இரவில் ஓடுகிறவருக்கு நல்ல வெளிச்சம் தேவை. சுபஹுக்கு முன்னர் வயலுக்குப் போகிறவருக்கும், நடுச்சாமத்தில் கடற்கரைக்குப் போகிறவருக்கும் தேவை. டெலிவரி ஓடுகிற தம்பிக்குச் சார்ஜர் இல்லாமல் பிழைப்பே இல்லை. பூட்டுங்கள். பூட்டுகிற முறையைத்தான் கேட்கிறோம்.

ஊரில் இப்போது வயரிங் வேலைக்கு ஒரே ஒரு பரீட்சைதான் இருக்கிறது. சுவிச்சைப் போடுவது, லைட் எரிகிறதா என்று பார்ப்பது. எரிந்தால் வேலை சரி, காசைக் கொடு, போ. கேள்வி கேட்டால் வருகிற பதிலும் ஒன்றுதான்: "எரியுதுதானே சேர், மறுகா என்ன?"

இந்த "எரியுதுதானே"யோடுதான் எங்களுக்குச் சண்டை. லைட் எரிவது, கரன்ட் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அந்தக் கரன்ட் போகக்கூடாத இடத்துக்குப் போனால் அதை நிறுத்த அங்கே யார் இருக்கிறார் என்பதற்கு அது சாட்சி இல்லை. வீட்டுக்குக் கரன்ட் எடுக்கும்போது மெயின் சுவிச்சும் ட்ரிப் சுவிச்சும் இல்லாமல் யாராவது விடுவீர்களா? "பல்ப் எரியுதுதானே" என்று சொல்லி மின்சார சபைக்காரர் போய்விட்டால் சும்மா இருப்பீர்களா? பைக்குக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

"அது வெறும் 12 வோல்ட்தானே, அடிக்காதே" என்பார்கள். உண்மை, அடிக்காது. கையை வைத்தாலும் ஒன்றும் தெரியாது. ஆபத்து வோல்ட்டில் இல்லை, அம்பியரில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவதற்குப் பல பத்து அம்பியரை ஒரு நொடியில் தள்ளுகிற பற்றரி அது. லைட்டுக்கு 3 அம்பியர் கொண்டுபோக இழுத்த மெல்லிய வயரின் தோல் தேய்ந்து, உள்ளே இருக்கிற செம்பு பைக்கின் இரும்பில் முட்டினால், அந்தப் பல பத்து அம்பியரும் அந்த மெல்லிய வயருக்குள்ளால்தான் ஓடும். ஓ.எல். விஞ்ஞானம் படித்த எல்லாருக்கும் இது தெரிந்த கணக்கு. ஓட்டம் 10 மடங்கு கூடினால் வெப்பம் 100 மடங்கு கூடும். சில நொடிகளில் வயர் பழுக்கும், தோல் உருகும், பக்கத்து வயரின் தோலும் உருகும். பக்கத்தில் பெற்றோல் குழாய்.

அதே விஞ்ஞானப் பாடத்தில் "உருகி" என்று ஒன்று வரும். உருகியின் தொழில் யாது என்று கேட்டால், அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது உருகிச் சுற்றைத் துண்டிக்கும் என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். அந்த உருகிதான் பியூஸ். கொப்பியில் சரியாக எழுதிய அதே பிள்ளை, பாடசாலை முடிந்த கையோடு பைக்குக்கு லைட் பூட்டப் போகும்போது அந்த ஒரு சாமானை மட்டும் விட்டுவிட்டு வருகிறான். பரீட்சைக்குப் படித்ததை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பாவிக்கச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இனி, நாங்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "பைக்கில பியூஸ் இருக்குத்தானே." இருக்கிறது. கம்பெனி போட்ட பியூஸ் கம்பெனி போட்ட வயரிங்கைக் காப்பாற்றுகிறது. நீங்கள் புதிதாக இழுத்த வயர் பற்றரி முனையிலேயே, அந்த பியூஸுக்கு முன்னால் கொழுவப்பட்டிருக்கிறது. அந்த பியூஸின் காவலுக்குள் அது வராது. வாசலில் காவலாளி நிற்கிறார், நீங்கள் பின்மதிலை உடைத்துத் தனிக் கதவு வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் விசயம் தெரிந்தவர்கள், "ஸ்டார்ட்டருக்குப் போற வயருக்கும் பியூஸ் இல்லத்தானே" என்று மடக்குவார்கள். சரிதான். அது விரல் மொத்தத்துக்குக் கிட்டிய வயர், நீளம் குறைவு, அசையாமல் கிளிப் போட்டு, றப்பர் மூடி போட்டுத் தொழிற்சாலையில் பூட்டியது. உங்கள் லைட் வயர் டாங்குக்குக் கீழால் ஊர்ந்து, ஹேண்டில் கழுத்தால் வளைந்து, ஒவ்வொரு தடவை ஹேண்டிலைத் திருப்பும்போதும் இரும்பில் உரசுகிறது. இரண்டும் ஒன்றா?

இரண்டாவது: "பியூஸ் போட்டா அடிக்கடி போகுது, அதனாலதான் கழற்றினோம்." இதைவிட ஆபத்தான பேச்சு இல்லை. பியூஸ் சும்மா போகாது. ஒன்றில் அளவு பிழை, இல்லாவிட்டால் எங்கேயோ வயர் முட்டுகிறது. அது உண்மையைச் சொல்லுகிற சாட்சி. சாட்சி சொல்லுவது பிடிக்கவில்லை என்று சாட்சியைக் கொன்றால் குற்றம் இல்லாமல் போகுமா? சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும், ஒரு செம்பு நூலை முறுக்கிச் செருகுவதும், 10 அம்பியர் இருந்த இடத்தில் 30 போடுவதும் எல்லாம் இந்தக் கொலைதான். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வயர் பியூஸாகிவிடும். பியூஸ் உருகினால் அதன் கூட்டுக்குள்ளேயே உருகும். வயர் உருகினால் டாங்குக்குக் கீழே உருகும்.

மூன்றாவது: "இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்கல்ல." வயர் இன்றைக்குப் பூட்டி நாளைக்குத் தேய்வதில்லை. நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனை வாகனங்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்த பைக்கையே தட்டிக் கொட்டி ஓடினோம். அதனால் இன்றைக்கு ஊருக்குள் ஓடுகிற பைக்குகளில் பத்து, பதினைந்து வயதானவை நிறைய. அவற்றின் சொந்த வயரிங்கே வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் காய்ந்து, வளைத்தால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது. அந்தக் கிழட்டு வயரிங்கின் தலையில்தான் புது லைட்டின் சுமையை ஏற்றுகிறீர்கள். இவ்வளவு காலமும் நடக்கவில்லை என்பது, இனியும் நடக்காது என்பதற்குப் பிணை இல்லை.

நான்காவது, மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவது: "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். வரவேண்டியது வரும்." கத்ரை நாங்களும் நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதை மத்ரஸாவில் எல்லாரும் படித்திருக்கிறோம். தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை அணைக்காமல் விடக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததையும் படித்திருக்கிறோம். அந்தக் காலத்து நெருப்பு விளக்கில் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் காலத்து நெருப்பு டாங்குக்குக் கீழே வயருக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக அந்தக் கட்டளை நமக்கு இல்லை என்று ஆகிவிடுமா?

ஐந்தாவது: "காசு சேர், காசு." இதற்குத்தான் எங்களுக்கு அதிகம் கோபம் வரும். பல ஆயிரம் ரூபாய்க்கு லைட் வாங்குகிறவர், பியூஸ் கூடும் ரிலேயும் சேர்த்துப் போட ஒரு புரியாணிப் பார்சலின் காசு கூடுதலாகும் என்றதும் பேரம் பேசத் தொடங்குகிறார். லைட் வெளியில் தெரியும், கூட்டாளிமார் பார்ப்பார்கள். பியூஸ் சீட்டுக்குக் கீழே இருக்கும், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பிரச்சினை காசு இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் செலவழிக்க மனமில்லை, அதுதான் பிரச்சினை. நம்மில் பலருடைய பைக்குக்கு இருப்பது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும். அது உங்கள் பைக் எரிந்தாலும் காசு தராது, உங்கள் ஹோல் எரிந்தாலும் தராது. லீசிங் தவணை மட்டும் எரியாமல் மிஞ்சும்.

இன்னும் ஒன்றை யோசியுங்கள். லைட் பூட்டுகிற முடிவை எடுப்பது மகன். காசு கொடுப்பது வாப்பா. அந்த பைக்குக்குப் பக்கத்து அறையில் சின்னப் பிள்ளையோடு படுப்பது உம்மா. அவவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? தங்கச்சிமாரின் ஸ்கூட்டிகளுக்கும் இதே கதைதான். சார்ஜருக்கு என்று முன்னால் ஒரு வயரை இழுத்து விட்டிருக்கிறார்கள், எங்கிருந்து இழுத்தது என்று ஓடுகிற பிள்ளைக்கே தெரியாது.

சரி, எப்படித்தான் பூட்டுவது? நாங்கள் மெக்கானிக் இல்லை. ஆனால் இது மெக்கானிக் மட்டும் தெரிந்திருக்க வேண்டிய ரகசியமும் இல்லை. பைக் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கடையில் நின்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

ஒன்று, பியூஸ் எங்கே? பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பிரயோசனம் இல்லை. பியூஸ் காப்பாற்றுவது லைட்டை இல்லை, வயரை. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் இருக்கிற வயரை யாரும் காப்பாற்றுவதில்லை, அதனால் அந்தத் துண்டு எவ்வளவுக்குக் குட்டையோ அவ்வளவுக்கு நல்லது.

இரண்டு, எத்தனை அம்பியர்? கணக்கு லேசு. வாட்டை 12ஆல் பிரித்தால் அம்பியர். இரண்டு லைட்டும் சேர்த்து 40 வாட் என்றால் 3.3 அம்பியர். அதற்கு 5 அம்பியர் பியூஸ் போதும். பெட்டியில் அடித்திருக்கிற வாட்டை அப்படியே நம்பாதீர்கள். விற்பதற்காகப் பெருப்பித்து எழுதுவார்கள். மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். பிளேட் பியூஸின் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம். வெளிர் மண்ணிறம் 5, கடும் மண்ணிறம் 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. லைட் வயரில் பச்சைப் பியூஸைக் கண்டால் அது பியூஸ் இல்லாததற்குச் சமம்.

மூன்று, வயர் எவ்வளவு தடிப்பு? 5 அம்பியருக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் தாராளம். இரண்டு பெரிய ஹோர்ன் பூட்டினால் இரண்டுமாக 8 அம்பியர் வரை இழுக்கும், 1.5 வயரும் 15 அம்பியர் பியூஸும் போடுங்கள். பழைய ரேடியோவிலும் போன் சார்ஜரிலும் வெட்டி எடுத்த வயர் பைக்குக்கு ஆகாது.

நான்கு, ரிலே இருக்கிறதா? ஹேண்டிலில் இருக்கிற சின்ன சுவிச் பெரிய சுமைக்குச் செய்தது இல்லை. ஹோர்ன் சுவிச்சிலோ ஹெட் லைட் சுவிச்சிலோ நேராகச் சுமையை ஏற்றினால் உள்ளே இருக்கிற முனைகள் கருகும். கருகின சுவிச் ஒருநாள் ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் இடையில், எதிரே லொறி வரும்போது, முழு ஹெட் லைட்டையும் அணைத்துவிடும். ரிலே என்பது வேலைக்காரன். சுவிச் உத்தரவு மட்டும் கொடுக்கும், சுமையை ரிலே தூக்கும். அதன் கால்களில் இலக்கம் அடித்திருக்கும். 30க்கு பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர். 87இலிருந்து லைட்டுக்கு. 86க்கு சுவிச் வழியாக வருகிற உத்தரவு. 85 ஏர்த். அந்த உத்தரவு வயரை, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற வயரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் சாவியை எடுத்தால் லைட்டும் அணையும். மறந்துபோய் விட்டுவிட்டு வர இடமே இருக்காது.

ஐந்து, மூட்டு எப்படிப் போட்டது? தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றுவது நம்ம ஊரின் தேசிய வழக்கமாகிவிட்டது. இது கடற்கரை ஊர். உப்புக் காற்று செம்பைத் தின்னும். மார்கழி மழை டேப்புக்குள் இறங்கும். பங்குனி வெயிலில் டேப்பின் பசை இளகிக் கழரும். ஒரு வருடம் கழித்து அந்த மூட்டைப் பிரித்துப் பாருங்கள், பச்சைக் களிம்பு பூத்திருக்கும். களிம்பு பிடித்த மூட்டில் தடை கூடும், தடை கூடினால் சூடு ஏறும். ஈயம் வைத்துச் சூட்டில் சுருங்கும் குழாய் போடட்டும், இல்லாவிட்டால் சரியான கிளிப் போட்டு நசுக்கட்டும். ஹேண்டில் கழுத்திலும் இரும்பு விளிம்பிலும் வயருக்கு மேல் நெளிகுழாய் போட்டு, இழுபடாமல் கட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கட்டும்.

ஆறு, பைக் இந்தச் சுமையைத் தாங்குமா? சின்ன பைக்குகளில் எஞ்சின் உண்டாக்குகிற கரன்ட் பொதுவாக நூறு, நூற்றைம்பது வாட் அளவுதான். அதில் ஹெட் லைட்டும் பிளக்கும் பற்றரி சார்ஜும் போனால் மிச்சம் கொஞ்சம். அதற்கு மேல் இழுத்தால் பற்றரிதான் ஈடுகட்ட வேண்டும், சில மாதத்தில் பற்றரி செத்துப்போகும். பிறகு "பற்றரி சரியில்ல" என்று கடைக்காரரோடு சண்டை. சில பழைய பைக்குகளில் ஹெட் லைட் பற்றரியில் எரிவதே இல்லை. எஞ்சின் ஓடும்போது வருகிற ஏசி கரன்டில் எரியும். அதில் போய் 12 வோல்ட் டீசி எல்.ஈ.டி.யைக் கொழுவினால் துடிக்கும், சீக்கிரம் கருகும். சார்ஜர், வோல்ட் காட்டும் சின்னத் திரை, அலாரம் எல்லாம் சும்மா இருக்கும்போதும் குடிக்கும். 20 மில்லிஅம்பியர் என்றால் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஒரு நாளைக்கு அது கிட்டத்தட்ட அரை அம்பியர் மணி. 3 அம்பியர் மணி பற்றரியுள்ள ஸ்கூட்டியை ஒரு கிழமை நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் வராது.

ஏழாவதாக ஒன்று, இது பைக்குக்கு வெளியே இருப்பவர்களின் உரிமை. லைட் பூட்டினால் கீழே சாய்த்துப் பூட்டுங்கள். மஃரிபுக்குப் பிறகு அட்டாளைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், எதிரே வருகிற வெள்ளை வெளிச்சத்தில் ரோட்டும் தெரியாது, ரோட்டோரம் நடக்கிற வயசானவரும் தெரியமாட்டார். பாதையில் கிடக்கிற தொந்தரவை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகப் படித்த சமூகம் நாம். எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்குவது பாதையில் முள்ளைப் போடுவதைவிடக் குறைந்த பாவமா? பொலிஸ் மறித்துக் கழற்றி, தண்டப்பணம் எழுதும்போது, நம்மை மட்டும் தேடிப் பிடிக்கிறார்கள் என்று புலம்பவும் தேவையில்லை.

கடைக்காரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. லைட்டை விற்கும்போது பியூஸ் கூட்டையும் ரிலேயையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். "வேணுமா வேணாமா" என்று கேட்காதீர்கள். மருந்துக் கடைக்காரர் விசம் வேணுமா வேணாமா என்று கேட்பதில்லை. வேண்டாம் என்று வாடிக்கையாளர் அடம் பிடித்தால், வேறு கடைக்குப் போகட்டும். ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது. ஒரு குடும்பம் தூங்குகிற வீட்டுக்குள் போகப்போகிற சாமானை நீங்கள் பூட்டுகிறீர்கள், அது அமானத். வியாபாரத்தில் குறையை மறைப்பது கூடாது என்று எடைக்கும் அளவைக்கும் மட்டும் சொல்லப்பட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

வயரிங் வேலை செய்கிற தம்பிமாருக்கும் சொல்லுகிறோம். உங்களை இழிவாகப் பேச இதை எழுதவில்லை. நல்ல கைகள் ஊரில் இருக்கின்றன. அவர்கள் ஒழுங்காகச் செய்து ஒரு விலை சொல்ல, பக்கத்தில் ஒருவர் முறுக்கி டேப் சுற்றிப் பாதி விலைக்குச் செய்ய, ஊர் பாதி விலைக்குப் பின்னால் ஓடுகிறது. உங்கள் தொழிலைக் கெடுப்பது இந்தப் பாதி விலைதான். ஓட்டோ எலெக்ரீசியனுக்கு என்.வீ.கியூ. சான்றிதழ் இருக்கிறது. எடுத்துக் கடைச் சுவரில் மாட்டுங்கள். பூட்டின பியூஸின் அம்பியரையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். யார் கைவேலை சுத்தமோ அவரைத் தேடி வாருங்கள் என்று நாங்களும் நாலு பேருக்குச் சொல்லுவோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளி வாசலில் நிற்கிற பைக்குகளை எண்ணிப் பாருங்கள். மாதத்தில் ஒரு வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், தொழில் தெரிந்த இரண்டு பேரை மீட்டரோடு நிறுத்தினால் போதும். திருத்த வேண்டாம், பார்த்துச் சொல்லட்டும். இரத்ததான முகாம் நடத்துகிற இடத்தில் இதை நடத்த முடியாதா?

கடைசியாக, வாப்பாமாருக்கு. இன்றைக்கு இரவு பைக்கை ஏற்றுவதற்கு முன்னால் மகனைக் கூப்பிட்டு சீட்டையோ பக்கக் கவரையோ கழற்றச் சொல்லுங்கள். பற்றரியின் பிளஸ் முனையில், பைக்கோடு வந்த தடித்த வயரைத் தவிர வேறு மெல்லிய வயர் ஏதும் கொழுவியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விரலால் பிடித்துக்கொண்டே போங்கள். ஒரு சாணுக்குள் பியூஸ் கூடு வந்தால் அல்ஹம்துலில்லாஹ், திறந்து அளவைப் பாருங்கள். வராவிட்டால், முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், பிறகு அந்த வயரைக் கழற்றி முனைக்கு டேப் சுற்றி விடுங்கள், கடைசியாக மைனஸைத் திரும்பப் பூட்டுங்கள். லைட் எரியாது. எரியாமல் இருக்கட்டும். நாளைக்குப் போய் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு வரட்டும். கழற்றத் தெரியாவிட்டால் பைக் அன்றைக்கு ஒரு நாள் சங்கிலி போட்டு முற்றத்தில் நிற்கட்டும்.

ஹோலின் மூலையில் ஒரு வாளி மணலும் வையுங்கள். நம்ம ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை. பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் தண்ணீருக்கு மேலே மிதந்து பரவும். பெரிதாகப் பிடித்துவிட்டால் பைக்கைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள்.

"பியூஸ் இல்லாம பூட்டினா இந்த வாசற்படி ஏறாது" என்று ஒரு வாப்பா சொன்னால் ஒரு கடை திருந்தும். நூறு வாப்பா சொன்னால் ஊர் திருந்தும். பைக் வாங்கக் காசு கொடுத்தவருக்கு இந்த ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருக்கிறது.

யாருக்கு இதில் தொழில்ரீதியாகத் திருத்தம் சொல்ல இருக்கிறதோ கீழே எழுதுங்கள், வாசித்துச் சேர்க்கிறோம். "எரியுதுதானே" என்று மட்டும் எழுத வராதீர்கள்.

அல்லாஹ் நம் வீடுகளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.